ஈரக்குலை: ஒரு சொல்லும் ஒரு நாள் ஓய்வும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய விழாவில் மருத்துவமனைக் கட்டிலைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கான விடை ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஈரக்குலை என்பது அச்சொல். எழுத்து வழக்கில் ஈரற்குலை என்பர். கவிதையில் அன்பும் அச்சமும் துயரும் நெஞ்சிலேயே குடியிருக்கின்றன. ஆனால் ஊர்ப்புறத்துத் தாய் உண்மையாகவே அஞ்சும்போது நெஞ்சைச் சொல்வதில்லை. பள்ளிக்குப் போன பிள்ளை விளக்கு வைத்த பின்னும் வீடு திரும்பவில்லையென்றால், ‘ஈரக்குலை நடுங்குது’ என்கிறாள். இழவு வீட்டில், ‘ஈரக்குலையை அறுத்துப் போட்டுப் போயிட்டானே’ என்று கதறுகிறாள். நெஞ்சு புலவருக்கு, ஈரக்குலை தாய்க்கு என்று ஒரு பாகப்பிரிவினை எப்போதோ நடந்துவிட்டது போலும்.

பிற மொழிகளில் இப்பாகப்பிரிவினை இல்லை. உருதுக் கவிதையில் ‘ஜிகர்’ என்றால் ஈரல். காதலுக்கும் துணிவுக்கும் அதுவே இருப்பிடம். அச்சொல்லையே புனைபெயராகச் சூடிக்கொண்டவர் கவிஞர் ஜிகர் மொராதாபாதி (1890–1960). மலாய் மொழியில் ‘ஹாத்தி’ என்பது ஈரலையும் உள்ளத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். பாபிலோனிய நாட்டில் பலியிட்ட ஆட்டின் ஈரலைப் பார்த்து வருவது உரைத்தார்கள். அதற்காகக் கட்டங்கள் கீறிக் குறிகள் பொறித்த களிமண் ஈரல் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதன் வயது 3,600 ஆண்டுகளுக்குக் குறையாது. ஈரலை ஒரு நூலைப் போலப் படிக்கலாம் என்று மனிதன் நெடுங்காலம் நம்பியிருக்கிறான். இக்காலத்தில் அவ்வாறு படிப்பதற்கு வேறொரு முறை இருக்கிறது. ஈரலில் ஊசி செலுத்திச் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் காணும் முறை அது. மருத்துவமனையில் அதனைப் பயாப்ஸி என்கிறார்கள்.

இவ்வுரை அச்சோதனைக்கு உள்ளான ஓர் ஆசிரியையைப் பற்றியது. சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். வயது 46. தம் கதையைச் சொல்ல இசைவு தந்தவர், பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னவர். சில திங்களாக அவருக்கு ஓயாத அசதி. மூட்டுகளில் வலி. சுண்ணக்கட்டியைப் பிடித்துக் கரும்பலகையில் ஒரு பாடலை எழுதி முடிக்கு முன்பே கை சோர்ந்துவிடும். இரத்தச் சோதனையில் ஈரல் நொதிகளின் அளவு பன்மடங்கு உயர்ந்திருந்தது. மஞ்சட்காமாலைக் கிருமிகள் எவையும் தென்படவில்லை. குடிப்பழக்கம் இல்லை. ‘ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்’ என்றார் மருத்துவர்.

‘பயாப்ஸி’ என்னும் அச்சொல் வீட்டிற்குள் நுழைந்தபோதே வேறு பொருளைச் சுமந்துகொண்டு நுழைந்தது. நம் நாட்டில் அச்சொல்லைக் கேட்ட அளவிலே புற்றுநோய் என்றே பொருள் கொள்வார் பலர். உண்மை அவ்வளவு குறுகியதன்று. ஈரலில் எவ்வளவு அழற்சி, எவ்வளவு தழும்பு, அவ்வழற்சிக்குக் காரணம் யாது என்று அறிவதற்காகவும் இச்சோதனை செய்யப்படுகிறது. ஈரலின் விறைப்பை வெளியிலிருந்தே ஒலியலையால் அளக்கும் கருவி 2003-ஆம் ஆண்டளவில் வந்த பின்னர், தழும்பின் அளவை மட்டும் அறிவதற்கு ஊசியின் தேவை வெகுவாகக் குறைந்திருக்கிறது. எனினும் அழற்சியின் காரணம் விளங்காத இடத்தில் இத்துணுக்கே இன்றும் சான்று. இவற்றையெல்லாம் அவ்வீட்டாருக்கு எவரும் சொல்லவில்லை. கணவர் மாமியாரிடம், ‘சும்மா ஒரு டெஸ்ட்டுதான் அத்தை’ என்றார். ஆசிரியையோ ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் தாளில் கையொப்பமிட்டார். தமிழில் முனைவர் பட்ட ஏட்டையே படித்து முடிக்கக்கூடிய அவர், தம் உடலைப் பற்றிய அந்த ஒரு தாளைப் படிக்காமலே ஒப்பமிட்டார்.

செய்முறை எளியது. முதல் நாளே இரத்தம் உறையும் நேரத்தையும் இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டார்கள். காலையில் வெறும் வயிறு. மல்லாந்து படுத்து, வலக்கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்கேன் கருவியால் இடம் பார்த்து, விலா எலும்புகளுக்கு இடையே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார்கள். மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொன்னார்கள். ‘டக்’கென ஓர் ஒலி. அவ்வளவே. வெளியே வந்தது ஏறக்குறைய 2 செ.மீ. நீளத்தில், சேமியாத் துண்டு போன்ற ஓர் இழை.

அந்த ஒரு நொடிக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. உயிரோடு இருப்பவரின் ஈரலிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்தலை 1883-இல் செருமனியில் பால் எர்லிக் முதன்முதல் செய்தார். 1939-இல் கோபன்கேகனில் ஐவர்சன், ரோகொல்ம் என்னும் இருவர் அதனை முறைப்படுத்தினர். 1945-இல் இங்கிலாந்தின் ஷீலா ஷெர்லாக் இம்முறையைப் பற்றி எழுதினார். ஈரல் மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்த அப்பெண்மணி, 1959-இல் பிரிட்டனின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியரானார். 1958-இல் இத்தாலியின் மெங்கினி, ஒரே நொடியில் துணுக்கு எடுக்கும் ஊசியை அறிமுகம் செய்தார். ஊசி ஈரலுக்குள் தங்கும் நேரத்தைக் குறைப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு என்பதை உணர்த்திய ஊசி அது.

ஊசிக்கு ஒரு நொடி போதும். நலம் பெறுவதற்கு அது போதாது. ஆசிரியையை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். உடலின் பாரமே ஈரலை விலாவோடு அழுத்திப் பிடிக்கும். ஊசித்துளை அடைபட அது துணைசெய்யும். முதலில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நாடி, இரத்த அழுத்தம். பிறகு அரை மணிக்கு ஒரு முறை. முற்காலத்தில் 24 மணி நேரம் அசையாமல் கிடத்தி வைப்பார்கள். இப்போது பல இடங்களில் 2 முதல் 4 மணி நேரக் கண்காணிப்பிற்குப் பின் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்த ஆசிரியையின் ஊர் தொலைவில் இருந்ததால் ஓரிரவு தங்கச் சொன்னார்கள். 1986-இல் இத்தாலியில் 68,276 சோதனைகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, சிக்கல்களுள் நூற்றுக்கு அறுபதுக்கும் மேலானவை முதல் 2 மணி நேரத்திலும், நூற்றுக்கு 96 முதல் 24 மணி நேரத்திலும் வெளிப்பட்டுவிடுகின்றன. அந்தக் காவலுக்குக் காரணம் இதுவே. பெரும் இரத்தக்கசிவு அரிது. 2,500 பேருக்கு ஒருவர் முதல் 10,000 பேருக்கு ஒருவர் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இக்கணக்குகள் எவையும் அக்கட்டிலுக்கு வந்து சேரவில்லை. வலப்பக்கம் சாய்ந்து கிடந்தவர்க்குக் காட்சி என்பது ஒரு சுவரும், சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு திட்டும், பக்கத்துக் கட்டிலின் இரும்புக் காலும்தான். திரும்பக்கூடாது, எழக்கூடாது. இருபதாண்டுகளாக மணி ஒலிக்கு எழுந்து, மணி ஒலிக்கு அமர்ந்து பழகியவருக்கு மணியே அடிக்காத பொழுது அது.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். வலத் தோளில் ஒரு வலி புறப்பட்டது. மரத்துப்போக ஊசி போட்டது விலாவில், வலியோ தோளில். இது ஏதோ வேறு, மாரடைப்பாக இருக்குமோ என்று அவர் எண்ணினார். எண்ணியதை வெளியே சொல்லவில்லை. வலியைச் சொல்லாமல் இருப்பதே பெருமை என்று வளர்க்கப்பட்ட பெண்களின் வரிசையில் அவரும் ஒருவர். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ நாடி பார்க்க வந்த செவிலியர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாமே கேட்டார்:

“தோள்பட்டை வலிக்குதாம்மா?”

“எப்படி சிஸ்டர் தெரியும்?”

“நிறையப் பேருக்கு வரும்மா. ஈரலுக்கு மேல இருக்கிற சவ்வுக்கும் தோளுக்கும் நரம்பு ஒரே இடத்திலேருந்து வருது. அங்க குத்தினா இங்க வலிக்கிற மாதிரி இருக்கும். மாத்திரை தர்றேன். ஆனா வலி கூடிக்கிட்டே போனாலோ, தலை சுத்தினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ உடனே கூப்பிடணும். பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது.”

மருத்துவ நூல்கள் இதனையே வேறு சொற்களில் சொல்கின்றன. ஈரலின் உட்சதைக்கு வலி தெரியாது. அதனை மூடிய உறைக்குத் தெரியும். அதன்மேல் கவிந்திருக்கும் உதரவிதானத்திற்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது. தோளின் தோலுக்கும் அதே கழுத்துப் பகுதியிலிருந்தே நரம்பு செல்கிறது. மூளை இடத்தை மாற்றி எண்ணிக்கொள்கிறது. செவிலியரின் தமிழில் இதில் ஒன்றுகூடக் குறையவில்லை. மேலும் ஒன்று கூடுதலாக இருந்தது. ‘பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது’ என்னும் கடைசித் தொடரே அது. பொறுமையே அணிகலன் என்று கற்பிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அன்று கிடைத்த முதல் மருந்து அத்தொடர் எனலாம். மாத்திரை வேலை செய்யு முன்பே வலி பாதி குறைந்துவிட்டது என்கிறார் ஆசிரியை.

நண்பகலில் தாயார் உள்ளே வந்தார். அதுவரை வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருந்தவர். அங்கே, ‘சதையை வெட்டி எடுத்துப் பாக்கிறாங்கன்னா புத்துதான்’ என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். கட்டிலின் அருகே வந்து மகளின் நெற்றியைத் தடவினார்.

“ஈரக்குலையே ஆடிப்போச்சு கண்ணு” என்றார்.

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் விலாவில் வலித்தது. வலித்தும் சிரித்தார். “அம்மா, ஆடினது உன் ஈரக்குலை. குத்துப்பட்டது என் ஈரக்குலை” என்றார். தாயார் சிறிது நேரம் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் அவரும் சிரித்தார். பின்னர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறைக்காமல் கேட்டார்: “புத்தா?” அக்குடும்பத்தில் அச்சொல் வாய்விட்டுச் சொல்லப்பட்டது அப்போதுதான். சொல்லிவிட்ட பிறகு அதன் உருவம் சிறுத்துப்போயிற்று. “அதுக்கில்லைம்மா. ஈரல் எதனால வீங்கியிருக்குன்னு பாக்கத்தான்” என்றார் மகள். அன்று மாலை இருவரும் கஞ்சி குடித்தார்கள்.

உவமை இல்லாமல் கவிதை இல்லை என்பர். உடம்பே உவமையாகவும் பொருளாகவும் ஒரே நேரத்தில் நிற்கும் இடம் அது. அந்நொடியில் தாயின் சொல் உவமை, மகளின் சொல் உண்மை. இரண்டும் ஒரே சொல்.

மறுநாள் வீடு திரும்புகையில் தந்த அறிவுரைகள் சிலவே. அன்று முழுதும் ஓய்வு. உடன் ஒருவர் இருக்கவேண்டும். ஒரு வாரம் பளு தூக்குதல் ஆகாது. மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கக்கூடாது. கூடிவரும் வயிற்றுவலி, மயக்கம், காய்ச்சல், மூச்சுத்திணறல், கறுத்த மலம், கண் மஞ்சளாதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலம் தாழ்த்தாமல் திரும்பி வரவேண்டும்.

பளு என்றால் எது பளு என்பதை அறிவுரைத் தாள் சொல்லவில்லை. நிறைகுடம் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ. அரிசிச் சிப்பம் அதனினும் மிகுதி. ஈரத்துணி நிறைந்த வாளி, மாவு அரைத்து நிறைந்த பாத்திரம், தூக்கச் சொல்லிக் கை நீட்டும் பேரக்குழந்தை என எல்லாம் பளுதான். ஆனால் நம் வீடுகளில் பெண் தூக்கும் எதற்கும் எடை கிடையாது. விடிந்ததும் தெருக்குழாயில் நீர் வந்தது. பழக்கத்தால் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவரைக் கணவர் வாசலில் மறித்து வாங்கிக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தூக்கி வருகையில் பாதி நீர் படியில் சிந்திற்று. அந்த ஒரு வாரத்தில்தான் ஒரு குடத்தின் எடையை அவ்வீடு அறிந்தது. துளை ஆறிய பின்னும் குடம் முழுவதுமாகப் பழைய இடுப்பிற்குத் திரும்பவில்லை என்பது இக்கதையின் சிறு நற்செய்தி.

உடல் ஒரு நாளில் தேறிவிட்டது. ஈரல் அத்தகைய உறுப்பு. மூன்றில் இரு பங்கை வெட்டி எடுத்தாலும், எஞ்சியது நலமாக இருந்தால் மீண்டும் தன் அளவுக்கு வளரவல்லது. நாளெல்லாம் கழுகு கொத்தித் தின்ன மீண்டும் வளர்ந்த புரோமிதியசின் ஈரலைப் பற்றிக் கிரேக்கர் கதை கட்டினர். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பில் ஊசி எடுத்தது 50,000-இல் ஒரு பங்குதான். அதனை ஈரல் பொருட்படுத்துவதே இல்லை.

தேறாமல் இருந்தது மனம். முடிவு வர 9 நாள் ஆயிற்று. துணுக்கை மருந்து நீரில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மயிரிழையினும் மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, அதன் பின்னரே நுண்ணோக்கியில் வைக்கவேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஆனால் ஈரல் எல்லாப் பக்கமும் ஒரே பதமாக வெந்த சோறன்று. ஓரிடத்தில் அழற்சி மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். எனவேதான் போதிய நீளம் வேண்டும் என்றும், வாயில் நாளப் பகுதிகள் 11-க்குக் குறையாமல் தெரியவேண்டும் என்றும் ஆய்வோர் கூறுகின்றனர். முன்னும் பின்னும் ஏடுகள் செல்லரித்துப்போக, நடுவில் கிடைத்த ஓர் ஏட்டைக் கொண்டு நூலின் இயல்பைத் துணியும் பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது இது. அவசரப்படுத்தலாகாது. ஆனால் காத்திருப்பவரிடம் ‘அவசரப்படுத்தலாகாது, ஏனெனில்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். சொல்லப்படாத 9 நாட்களில் வீட்டில் வானொலிகூடத் தாழ்ந்த குரலில்தான் பாடியது.

பத்தாம் நாள் முடிவு வந்தது. புற்று அன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே ஈரலைப் பகையென்று பிழைபடக் கருதித் தாக்கும் அழற்சி. பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது. கவனியாது விட்டால் ஈரலைத் தழும்பாக்கிவிடும். மருந்தால் பெரும்பாலும் அடக்கலாம்; ஆனால் நெடுநாள், பலருக்கு வாழ்நாள் முழுதும், மருந்தும் கண்காணிப்பும் வேண்டும். மருத்துவர் நல்லவர். எனினும் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று முடித்துக்கொள்ள முற்பட்டார். ஆசிரியை எழவில்லை. “அய்யா, இதுல இருக்கிறதை ஒவ்வொரு வரியாச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்” என்றார். முதல் முறை படிக்காமல் கையொப்பமிட்டவர் இம்முறை தாளையும் பேனாவையும் கொண்டு சென்றிருந்தார். மருத்துவர் சற்றே வியந்து, பிறகு ஒரு படம் வரைந்து விளக்கினார். கால் மணி நேரம் ஆயிற்று.

வீட்டிற்கு வந்து தாயாருக்கு அதனை அவர் இவ்வாறு சொன்னார்: “வீட்டைக் காக்க வெச்ச காவல்காரனே, வீட்டு ஆளைத் திருடன்னு நினைச்சு அடிக்கிறாம்மா.”

தாயார் சிறிது எண்ணிப் பார்த்துக் கேட்டார்: “காவல்காரனைக் கண்டிக்க மருந்து இருக்குல்ல?”

“இருக்கு. ஆனா அவனை ரொம்பக் கண்டிச்சா வெளித் திருடன் வந்துடுவான். அதான் அளவு பார்த்துத் தரணும்.”

நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளால் தொற்று எளிதில் பற்றும் என்னும் எச்சரிக்கை முழுவதும் அவ்வொரு தொடரில் அடங்கிவிட்டது. எழுத்தறியாத அத்தாயார் இன்றும் மகளுக்குக் காய்ச்சல் கண்டால் காலம் தாழ்த்துவதில்லை. ‘திருடன் வந்துட்டானான்னு பாரு’ என்று மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்.

இவ்வரலாற்றில் ஆசிரியையைத் தேற்றியவை மூன்று சொற்கள்: செவிலியர் சொன்ன ‘பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது’, தாயின் ஈரக்குலை, மகளின் காவல்காரன். மூன்றும் எளிய தமிழ். மூன்றும் தற்செயலாகக் கிடைத்தவை. வேறொரு செவிலியர், பணி மிகுதியால் பேசாது போயிருந்தால் முதற்சொல் கிடைத்திராது. தாயார் கேட்கத் துணியாதிருந்தால் இரண்டாவது இல்லை. ஆசிரியைக்குத் தமிழ் கைவந்திராவிட்டால் மூன்றாவது பிறந்திராது. ஒரு நோயாளியின் மன அமைதி இவ்வாறு தற்செயலைச் சார்ந்திருத்தல் தகுமா என்பதே இவ்வவையின்முன் வைக்கத்தக்க வினா.

கலைச்சொல்லாக்கம் நடைபெறாமல் இல்லை. ‘திசு ஆய்வு’ என்னும் சொல் நூல்களில் இருக்கிறது. ஆனால் கட்டிலருகே அது வருவதில்லை. வந்தாலும் அஞ்சியவர்க்கு அது பயாப்ஸியைப் போன்றே அயற்சொல்தான். சொல்லைப் பெயர்ப்பது வேறு, செய்தியைச் சேர்ப்பது வேறு. முன்னது அகராதியின் வேலை. பின்னது கவிஞரின் வேலை. திருக்குறளில் இனியவைகூறல் அதிகாரத்தின் முதற்குறளிலேயே ‘ஈரம்’ அன்பு என்னும் பொருளில் நிற்கிறது. ஈரமும் ஈரலும் ஒலியால் அண்டை வீட்டுச் சொற்கள். ஈரலைப் பற்றிப் பேசும் தாளில் ஈரம் சிறிது இருக்கலாகாதா?

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து வந்திருக்கிறது இவ்வட்டம். பதினோராம் ஆண்டில் ஒரு சிறு பணியை ஏற்கலாம். ஊரிலுள்ள மருத்துவர் ஒருவரையும் செவிலியர் ஒருவரையும் ஒரு கூட்டத்திற்கு அழைத்து, ஒரே ஒரு சோதனையைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம். ஏன் செய்கிறார்கள், எவ்வளவு நேரம் படுக்கவேண்டும், தோள் ஏன் வலிக்கும், எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது, குடத்தை எப்போது தூக்கலாம், முடிவு வர ஏன் நாளாகும் என்பவை அதில் இருக்கட்டும். செய்தியில் பிழையில்லாமல் மருத்துவர் பார்க்கட்டும். தாய்க்குப் புரிகிறதா என்று கவிஞர் பார்க்கட்டும். கவிஞரின் பெயர் அதில் இராது. விருதும் வாராது. ஆனால் வலப்பக்கம் சாய்ந்து சுவரைப் பார்த்துக் கிடக்கும் ஒருவர் அதனை ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பார். அத்தனை ஊன்றிப் படிக்கும் வாசகர் எந்தக் கவிதைக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆசிரியை இப்போது பள்ளிக்குப் போகிறார். கரும்பலகையில் பாடல் முழுதும் எழுதுகிறார். விலாவில் ஊசி நுழைந்த இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை, தழும்பில்லை. அவ்விடத்தில் இருக்கவேண்டிய தழும்பை ஒரு சொல் ஆற்றிவிட்டது என்று அவர் சொல்கிறார். மருத்துவம் இதனை ஒப்பாது. கவிஞர் ஒப்புவர்.